சான்றிதழும் வேண்டும், சம்மதமும் வேண்டும்

கனரக வாகனம் ஓட்டும் ஒரு சாரதி நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை தமது அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்தாக வேண்டும். கண் பார்வை குன்றவில்லை, காது மந்தமாகவில்லை, உடல் தளரவில்லை என்று வைத்தியச் சான்று பெற்றாலன்றி அவர் மீண்டும் சாரதி ஆசனத்தில் அமர முடியாது. இது நியாயமான விதி. இதனை எந்தச் சாரதியும் தமக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாகக் கருதியதில்லை. ஆனால் அதே லொறி ஏறிச் செல்லும் குளக்கட்டு உறுதியானது என்று கையொப்பமிடும் உத்தியோகத்தர், அதே சாரதியின் பிள்ளைகள் பாடசாலைக்கு ஏறிச் செல்லும் மிதவை ஆபத்தற்றது என்று தலையசைக்கும் அதிகாரி, தமது தகுதியை எப்பொழுது புதுப்பிக்கின்றார்? எவர் முன்னிலையில் புதுப்பிக்கின்றார்?

வாலிப வயதில் ஒரு பரீட்சையில் தேறியவர், ஓய்வூதியம் பெற்றுச் செல்லும் நாள் வரை அந்த ஒரு பத்திரத்தின் பலத்திலேயே ஆயிரக்கணக்கான உயிர்களுக்கு உத்தரவாதம் அளித்துக்கொண்டிருக்கலாம். வினைத்திறமைகாண் தடைப் பரீட்சை உண்டே என்று உத்தியோக உலகில் உள்ள எமது அன்பர்கள் கூறுவர். உண்டு, நாம் மறுக்கவில்லை. அது பெரும்பாலும் சம்பளப் படியைத் தாண்டுவதற்கான பரீட்சை. தாபனக் கோவையும் நிதிப் பிரமாணமும் தெரிந்திருக்கின்றனவா என்று அது கேட்கும். கட்டின் அடிவாரத்தில் கசியும் நீர் தெளிந்த நீரா கலங்கிய நீரா என்று பார்த்தறியும் கண் இன்னும் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை.

பொதுமக்களின் பாதுகாப்பைப் பரிசோதிக்கும் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவரும் குறித்த காலத்துக்கு ஒரு முறை தமது தகுதியை மீண்டும் நிரூபிக்க வேண்டும் என்பது எமது முதலாவது கோரிக்கை. எவருடைய உயிர் அவரது கண்ணையும் கையொப்பத்தையும் நம்பியிருக்கின்றதோ அவர்களுடைய வாக்கையும் அவர் மீண்டும் மீண்டும் பெற வேண்டும் என்பது இரண்டாவது. முதலாவதைப் படித்தவர்கள் ஒப்புக்கொள்வர். இரண்டாவதைக் கேட்டதும் முகம் சுளிப்பர். பாலத்தின் பலத்தை வாக்குப் பெட்டியா தீர்மானிப்பது என்று நகைப்பர். அந்த நகைப்புக்கு விடையளிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெறும் நிர்வாகச் சில்லறை விடயமாக இதனை எவரும் தள்ளிவிட வேண்டாம். 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்தது என்ன? பழைய பாலத்தின் இடத்தில் புதிய பாலம் எழுந்துகொண்டிருந்தது. இடைக்கால ஏற்பாடாகப் பயணிகளை ஏற்றி இறக்க ஒரு மிதவை விடப்பட்டிருந்தது. காலை வேளையில், பாடசாலைச் சிறுவர்களும் பெரியவர்களும் நிறைந்திருந்த அந்த மிதவை கவிழ்ந்தது. குறைந்தது ஆறு உயிர்கள் அன்று பறிபோயின. அவர்களுள் நால்வர் சிறுவர். பிள்ளைகளின் சீருடைகள் ஈரம் உலருமுன்னரே, அந்த மிதவைக்கு அனுமதி கொடுத்தவர் யார், கொடுக்கும் அதிகாரம் உடையவர் யார் என்ற விவாதம் எழுந்து நாடாளுமன்றம் வரை சென்றது. விபத்துக்கு முந்திய நாள் மாலையில் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அது ஒரு பரிசோதனை. மறுநாள் கேட்டால் அது மரண விசாரணை. தினமும் அந்த மிதவையில் ஏறி இறங்கிய தாய்மாருக்கு அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் பெயராவது தெரிந்திருந்ததா? அவரைத் தெரிவு செய்வதிலோ நீக்குவதிலோ அவர்களுக்கு ஏதேனும் பங்கு இருந்ததா?

கந்தளாய்க் குளத்தின் கதை இன்னும் பெரியது. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி, ஊர் உறங்கிக்கொண்டிருந்த பின்னிரவில், அந்தப் பழம்பெரும் குளத்தின் கட்டு உடைந்தது. நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டனர். வீடுகளும் வயல்களும் வெள்ளத்தோடு போயின. மாரி கொட்டும் மார்கழியில் நடந்ததன்று இது. சித்திரை மாதத்தில் நடந்தது. புயலைப் பழிசொல்லித் தப்புவதற்கும் அங்கு இடமிருக்கவில்லை. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் நாட்டையே புரட்டிப்போட்டபோது மாவிலாற்றுக் கட்டு உடைப்பெடுத்ததையும் திருகோணமலை மாவட்ட மக்கள் கண்டனர். அங்கே புயல் இருந்தது என்பது உண்மையே. ஆயினும் எந்தக் கட்டு எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதைப் புயலுக்கு முன்னர் அறிந்து வைத்திருப்பதற்காகத்தான் பரிசோதகர் என்ற ஒரு பதவி இருக்கின்றது.

குளக்கட்டைப் பரிசோதிப்பது என்ன தொழில் என்பதை வயல் தெரியாத எமது நகரத்து வாசகர்களின் பொருட்டுச் சற்றே விரித்துச் சொல்ல வேண்டும். மண்ணால் கட்டிய எந்த அணையிலும் சிறிதளவு நீர் கசியத்தான் செய்யும். கசிவு தெளிவாக இருந்து, அதன் அளவும் கூடாமல் இருந்தால் பயமில்லை. அது கலங்கி வந்தால், கட்டின் வயிற்றுக்குள் இருந்து மண் கரைந்து வெளியே வருகின்றது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாய் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கின்றது. அது முற்றிவிட்டால் சில மணி நேரத்திலேயே கட்டு போய்விடும். கறையான் புற்று எங்கே எழுந்திருக்கின்றது, நண்டும் எலியும் எங்கே வளை தோண்டியிருக்கின்றன, கட்டின் மேல் முளைத்த மரத்தின் வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கின்றது, பட்டுப்போன மரத்தின் வேர் உக்கிய இடத்தில் பொந்து விழுந்திருக்கின்றதா, துருசின் ஓரத்தில் மண் இறங்கியிருக்கின்றதா, மாடுகள் இறங்கி ஏறித் தேய்த்த இடம் எது, மணல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் தடம் பதித்துத் தாழ்த்திய இடம் எது, வான் பாயும் இடத்தை எவராவது மண் மூடைகளால் அடைத்திருக்கின்றனரா என்றெல்லாம் ஒருவர் கட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கால்நடையாக நடந்து பார்க்க வேண்டும். ஜீப் வண்டியில் இருந்தபடி பார்த்தால் இவற்றில் ஒன்றுதானும் தெரியாது. வயதும் வசதியும் ஏற ஏற நடை குறைவது மனித இயல்பு. ஆகவேதான் மீண்டும் தகுதி காண் பரீட்சை வேண்டும் என்கின்றோம். அதைக் காகிதத்தில் நடத்துவதை விடக் கட்டின் மேல் நடத்துவதே பொருத்தம்.

இந்த யோசனை மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று எண்ணுவோர் உத்தரமேரூருக்குச் செல்லட்டும். காஞ்சிபுரத்துக்கு அண்மையில் உள்ள அவ்வூரின் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலின் பெருமையாக நம்மவர் மேடைதோறும் எடுத்துரைப்பது வழக்கம். பெருமை பேசுவதோடு பலர் நிறுத்திவிடுகின்றனர். கல்வெட்டு உண்மையில் கூறுவதைக் கவனிப்போர் சிலரே. ஏரி வாரியம் என்ற குழுவுக்கு ஆறு பேர். பதவிக்காலம் 360 நாட்கள். வேட்பாளராக நிற்பதற்கே நிலம், மனை, வயது, கல்வி எனத் தகுதிகள் வகுக்கப்பட்டிருந்தன. முன் மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் நிற்க முடியாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மாத்திரமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. குற்றம் காணப்பட்டால் உடனே பதவி போய்விடும். குளத்தைக் காப்பவனை நிரந்தரமாக நம்பிவிடக் கூடாது என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டி வைத்திருக்கின்றனர்.

அது பிராமணர் சபை என்பதையும், உழுத குடியானவனுக்கும் பெண்களுக்கும் அங்கு இடமிருக்கவில்லை என்பதையும், ஓலையைக் குடத்திலிட்டு எடுத்தது திருவுளச் சீட்டே அன்றி இன்றைய வாக்கெடுப்பு அன்று என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. பழம்பெருமையை முழு உண்மையோடு பேசினால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. தகுதி, காலவரையறை, கணக்கு, நீக்கம் என்ற நான்கையும் ஒரே இடத்தில் இணைத்த அந்த அறிவைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எமது மண்ணிலும் இதற்கு வேர் உண்டு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வட்டை விதானை என்றால் அறியாத கமக்காரன் இல்லை. ஏனைய இடங்களில் வெல் விதானை என்பர். வயற்காரர்கள் கூடித் தெரிவு செய்த அவர், வாய்க்கால் வெட்டுவித்தார், வேலி அடைப்பித்தார், நீர்ப் பங்கீட்டைக் கவனித்தார், அறுவடையில் ஒரு பங்கு அவருக்குக் கூலி. வேலையில் சோம்பினால் அடுத்த முறை அவர் பெயர் எடுபடாது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இந்தப் பழைய வழக்கங்களுக்குச் சட்ட வலு அளித்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விதானைமாரின் இடத்துக்குப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. அதற்குப் பின்னர் வந்த சட்டங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயரைச் சூட்டின. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இன்று கமக்காரர் அமைப்புகள் இருக்கின்றன. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கமக்காரர் தெரிவு செய்பவர்களுக்கு வாய்க்காலும் வரம்பும் விடப்பட்டன. கட்டு உறுதியா என்று தீர்ப்புக் கூறும் அதிகாரம் திணைக்களங்களிடம் சென்றது. தெரிவு செய்யப்பட்டவரிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் தெரிவு செய்யப்பட்டவரல்லர். இந்தப் பிளவுதான் நோயின் மூலம் என்பது எமது அபிப்பிராயம்.

நீர் தேங்கும் இடத்தில் நாம் காணும் இதே நோயை, நிலத்தின் அடியில் நிலக்கரி வெட்டும் நாடுகள் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டுவிட்டன. சுரங்கத் தொழிலாளியின் உயிரும் பரிசோதகரின் கண்ணில்தான் தங்கியிருக்கின்றது. ஆகவே அங்கே நடந்தவற்றை எமது கமக்காரர்களும் அறிந்திருத்தல் நன்று. அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் சென்றாலியா என்ற ஊரில் ஐந்தாம் இலக்கச் சுரங்கம் ஒன்று இருந்தது. அதற்குள் நிலக்கரித் தூசு மண்டிக் கிடந்தது. தூசு தீப்பற்றினால் சுரங்கம் முழுவதும் வெடிக்கும். தூசைக் கூட்டி அகற்றிவிட்டுச் சுண்ணாம்புக் கல்லின் தூளைத் தூவினால் ஆபத்து நீங்கும். இது எல்லோரும் அறிந்த பரிகாரம். டிரிஸ்கல் ஸ்கான்லன் என்ற மாநிலப் பரிசோதகர் ஆண்டுக்கணக்காக இதனையே எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். தலைமைக் காரியாலயம் அவருடைய அறிக்கையின் சாரத்தைக் கம்பனிக்கு வழக்கமான ஒரு கடிதமாக அனுப்பிவிட்டு, அத்துடன் தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டது. கம்பனியும் அசையவில்லை.

1946ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அச்சுரங்கத்துத் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த நால்வர், மாநில ஆளுநர் டுவைட் கிறீனுக்கு, எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள் என்று மன்றாடிக் கடிதம் எழுதினர். சுரங்கத் திணைக்களம் சட்டத்தை நிறைவேற்றச் செய்யுங்கள் என்பதே அவர்கள் கேட்டது. கடிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குச் சென்றது. ஓர் ஆண்டு கழிந்தது. 1947ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி பிற்பகலில் சுரங்கம் வெடித்தது. 111 பேர் மாண்டனர். கடிதத்தில் கையொப்பமிட்ட நால்வரில் மூவர் அந்தப் பிணங்களுள் கிடந்தனர். பின்னர் கம்பனிக்கு விதிக்கப்பட்ட அபராதம் ஆயிரம் டொலர்!

விசாரணையில் வெளிவந்த இன்னொரு செய்தி எமது வாதத்துக்கு மிக முக்கியமானது. அக்காலத்தில் சுரங்கப் பரிசோதகர்களைக் கொண்டே கம்பனிக்காரரிடம் கட்சித் தேர்தல் நிதி திரட்டுமாறு மேலிடம் ஏவியிருந்தது. எந்தக் கையால் குற்றப் பத்திரம் எழுத வேண்டுமோ அந்தக் கையையே நன்கொடைக்கு நீட்டச் சொன்னார்கள். ஸ்கான்லனுக்குத் தகுதியில் குறைவில்லை. கண் தெளிவாகத்தான் இருந்தது. சுரங்கத்தை மூடியிருந்தால் அன்றே தமது வேலை போயிருக்கும் என்று அவர் அஞ்சினார். அவருடைய பிழைப்பு மேலதிகாரியின் கையில் இருந்தது. மேலதிகாரியின் பிழைப்பு ஆளுநரின் கையில் இருந்தது. ஆளுநரின் தேர்தல் நிதி கம்பனிகளின் கையில் இருந்தது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் கையில் இருந்தது ஒரு தபால் முத்திரை மாத்திரமே. அந்தத் தொழிலாளரே ஸ்கான்லனைத் தெரிவு செய்திருந்தால், அவரை நீக்கும் உரிமையும் அவர்களிடமே இருந்திருந்தால், அவர் எவருக்கு அஞ்சியிருப்பார்? மறு ஆண்டு நடந்த தேர்தலில் கிறீன் தோற்றார். பரிசோதகரை மாற்ற முடியாத மக்கள் ஆளுநரையே மாற்றினர். ஆனால் 111 குடும்பங்களுக்கு அதனால் என்ன பயன்?

தேர்தல் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறும் பேதைமை எமக்கில்லை. அதே அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் அதையும் செய்து பார்த்தது. 1869இல் அவொண்டேல் சுரங்கத் தீயில் 110 பேர் மாண்ட பின்னர்தான் அங்கே 1870இல் பரிசோதகர்களுக்கான சட்டம் பிறந்தது. 1901இல் இயற்றிய சட்டம் ஒன்று, வன்னிலக்கரிப் பகுதியின் சுரங்கப் பரிசோதகர் பதவியைப் பொதுத் தேர்தலுக்கு விட்டது. பரீட்சையில் தேறிச் சான்று பெற்றவரே வேட்பாளராக நிற்கலாம் என்ற நல்ல நிபந்தனையும் அதில் இருந்தது. பிழை வேறிடத்தில் இருந்தது. சுரங்கத்துக்குள் கால் வைக்காதவரும் அங்கே வாக்காளர். சுரங்கத்தால் இலாபம் பெறுபவரும் வாக்காளர். ஆபத்து ஒருவருக்கு, வாக்கு எல்லோருக்கும் என்றால், பரிசோதகர் பதவியும் மற்றோர் அரசியல் பதவியாகிவிடும். பணமும் கட்சியும் அங்கே புகுந்துவிடும்.

ஆகவே தேர்தல் வேண்டுமா என்பதோடு கேள்வி முடிவதில்லை. எவர் வாக்களிப்பது என்பதே கடினமான கேள்வி. இதில் எமது கமக்காரர்களுக்குக் கசப்பான ஓர் உண்மையையும் கூறியாக வேண்டும். 2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெருமழையில் இரணைமடு நிரம்பியது. வான்கதவுகள் திறந்தன. கிளிநொச்சி மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற சர்ச்சை அப்போது எழுந்தது. அந்தச் சர்ச்சையில் எவர் சரி என்று தீர்ப்புக் கூற நாம் இங்கு முற்படவில்லை. ஆனால் அதன் அடியில் கிடக்கும் முரண்பாடு எல்லாக் குளங்களுக்கும் பொதுவானது. சிறுபோகத்துக்கு நீர் வேண்டும் என்பவர் குளம் நிறைந்திருக்க வேண்டும் என்பார். நிறைகுளத்தின் கீழே குடியிருப்பவர் நீர்மட்டம் தாழ்ந்திருக்க வேண்டும் என்பார். வயற்காரர் மாத்திரம் கூடிப் பரிசோதகரைத் தெரிவு செய்தால், கதவைத் திறக்கத் தயங்குபவரையே அவர்கள் தெரிவு செய்யக்கூடும். குளத்தின் உட்பகுதியில் அடாத்தாகக் காணி பிடித்துப் பயிரிட்டவருக்கு நீர்மட்டம் உயராமலிருப்பதே விருப்பம். அவருக்கும் ஒரு வாக்கு இருந்தால் அதுவும் அனர்த்தம். ஆதலால் வாக்குரிமையின் அளவுகோல் ஆபத்தாக இருக்க வேண்டும். கட்டு உடைந்தால் எவர் வீட்டுக்குள் நீர் புகுமோ அவருக்கு வாக்கு உண்டு. அவர் கூலிக்காரராயினும், காணியற்றவராயினும், அவ்வூருக்கு நேற்று வந்து குடியேறியவராயினும், எந்த மொழி பேசுபவராயினும் உண்டு. மிதவையாயின் அதில் ஏறுபவருக்கும், ஏறும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் உண்டு. மிதவையை ஓட்டி வருமானம் பெறுபவருக்கும், கட்டைத் திருத்தும் ஒப்பந்தக்காரருக்கும் இல்லை.

இத்தகைய ஏற்பாடு கனவன்று. பிரித்தானியாவில் 1872ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்கச் சட்டமே, தொழிலாளர் தம்முள் இருவரைத் தெரிவு செய்து மாதம் ஒரு முறையேனும் சுரங்கத்தைப் பரிசோதிப்பிக்கலாம் என்று இடமளித்தது. அச்செலவைத் தொழிலாளரே ஏற்க வேண்டியிருந்தது என்பது அதன் குறை. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இதனை இன்னும் செம்மைப்படுத்தியிருக்கின்றது. 1921இல் மவுண்ட் மலிகன் வெடிப்பில் 75 பேரை இழந்த மாநிலம் அது. அங்கே 1999ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, சுரங்கத் தொழிலாளரின் சங்கம் தன் உறுப்பினரிடையே வாக்கெடுப்பு நடத்திப் பாதுகாப்புப் பிரதிநிதிகளை நியமிக்கின்றது. சுரங்க நிர்வாகத்துக்கான தகுதிச் சான்று பெற்றவரை மாத்திரமே அவ்வாறு நியமிக்கலாம். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். ஆபத்து எனக் கண்டால் வேலையை நிறுத்துவிக்கும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. அரசாங்கப் பரிசோதகர்களும் வேறாக இருக்கின்றனர். சான்று இல்லாதவரை வாக்கு உயர்த்த முடியாது. வாக்கு இழந்தவரைச் சான்று காப்பாற்றாது. எமக்கு வேண்டிய ஏற்பாட்டின் உருவம் இதுதான்.

மீள்பரீட்சை என்ற சொல்லைக் கேட்டதும் எமது உத்தியோகத்தர்களுக்கு ஓர் அச்சம் எழுவதை நாம் அறிவோம். அதற்கு வரலாற்று நியாயமும் உண்டு. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின்னர், தொழிலில் எவ்விதக் குறையுமற்ற தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை என்ற வாயிலில் நிறுத்தப்பட்டனர். சம்பள உயர்ச்சியும் பதவி உயர்ச்சியும் அந்த வாயிலுக்கு அப்பால் வைக்கப்பட்டன. தகுதி என்ற பெயரால் ஒரு சமூகத்தை வெளியேற்ற முடியும் என்பதைத் தமிழ் உத்தியோகத்தரைப் போல அனுபவித்து அறிந்தவர் வேறெவர்? எனவே மீள்பரீட்சை அத்தொழிலின் வேலையை மாத்திரமே சோதிக்க வேண்டும். பரீட்சிக்கப்படுபவரின் மொழியில் நடைபெற வேண்டும். பரீட்சிப்பவர்கள் அவருடைய மேலதிகாரிகளாக இருக்கக் கூடாது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் இருவரும் அனுபவம் மிக்க கமக்காரர் ஒருவரும் உடன் நடக்க, பரிசோதகர் தமக்குப் பழக்கமில்லாத வேறொரு குளத்தின் கட்டை ஒரு நாள் நடந்து பார்த்து, கண்டவற்றை எழுதிக் கொடுக்கட்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை இது போதும். கள்ளமில்லாத உத்தியோகத்தர் எவரும் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

தேறியவர்களின் பெயர்ப் பட்டியலிலிருந்தே மக்கள் தெரிவு செய்ய வேண்டும். பதவிக்காலம் மூன்று ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மூன்று ஆண்டுகளுக்குள் அவரை இடமாற்றம் செய்யும் அதிகாரம் எந்த அமைச்சருக்கும் எந்தச் செயலாளருக்கும் இருக்கக் கூடாது. இந்நாட்டில் நேர்மையான உத்தியோகத்தரைத் தண்டிப்பதற்கு அபராதம் தேவையில்லை. இடமாற்றக் கடிதம் ஒன்றே போதும் என்பதை வாசகர் அனைவரும் அறிவர். கலங்கிய கசிவைக் கண்டவுடன் நீர்மட்டத்தைக் குறைக்குமாறும், பழுதடைந்த மிதவையைக் கரையோடு கட்டுமாறும் எழுத்தில் ஆணையிடும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். அந்த ஆணையைத் திணைக்களம் ஏற்க மறுத்தால் மறுப்பும் எழுத்தில், காரணத்தோடும் கையொப்பத்தோடும் இருக்க வேண்டும். சென்றாலியாவில் இல்லாமற்போனது அதுவே. அவருடைய அறிக்கை கந்தோர் அலுமாரிக்குள் அடைபடாமல் கமநல சேவை நிலையத்திலும், பாடசாலையிலும், கோயில் பள்ளிவாசல் வாயிலிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். சிங்கள மக்கள் வாழும் ஊராயின் சிங்களத்திலும் ஒட்டப்பட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய எச்சரிக்கை கட்டின் கீழ் உறங்குபவனை எழுப்பாது.

எல்லாக் குளங்களுக்கும் ஒரே சட்டம் பொருந்தாது என்பதும் எமக்குத் தெரியும். பெருங்குளங்கள் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. சில மாகாண நிர்வாகத்தின் கீழ் உள்ளன. 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட நிலத்துக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தைச் சார்ந்தவை. வன்னியில் எந்தக் காட்டுப் பாதையில் திரும்பினாலும் எதிர்ப்படுபவை இந்தச் சிறு குளங்களே. போர்க் காலத்தில் ஊர் இடம்பெயர்ந்தபோது ஆண்டுக்கணக்காக ஆளற்றுக் கிடந்து, கட்டில் மரம் முளைத்தவை அவற்றுள் பல. பரீட்சார்த்தமாக இந்தச் சிறு குளங்களிலேயே தொடங்கலாம். ஒரு கமநல சேவை நிலையத்தின் எல்லைக்குள் உள்ள குளங்களுக்குச் சேர்த்து ஒரு பரிசோதகர் என்று வைத்தாலும் செலவு பெரிதாகிவிடாது. உடைந்த கட்டைத் திருப்பிக் கட்டும் செலவோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் மாகாணத்துக்கு உட்பட்ட நீர்ப்பாசனத்தை மாகாண சபையின் கையில் வைத்தது. எமது மாகாண சபைகள் நினைத்திருந்தால் இதற்கு ஒரு நியதிச் சட்டம் இயற்றியிருக்கலாம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரிலும் வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலும் முடிவடைந்தன. அதன் பின்னர் ஆண்டு பலவாகத் தேர்தலே நடத்தப்படாமல் இழுத்தடிக்கப்பட்ட வரலாறு எல்லோருக்கும் தெரியும். சட்டம் இயற்ற வேண்டியவர்களையே மறுபடி தெரிவு செய்ய விடாத அரசாங்கங்கள், குளம் காப்பவரை மறுபடி தெரிவு செய்யும் உரிமையைத் தாமாக முன்வந்து தரும் என்று நாம் நம்பிக் காத்திருக்க முடியாது. சபைகள் இருந்த காலத்தில் எமது பிரதிநிதிகள் இதைப் பற்றி எண்ணிப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தீர்மானங்கள் பல நிறைவேற்றினார்கள். குளக்கட்டில் நடந்தவர் எத்தனை பேர்?

சட்டம் வரும் வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் பெருங்குளங்களுக்குக் கீழே பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகின்றது. மாவட்டத்தின் உயர் உத்தியோகத்தர்கள் மேடையில் இருப்பர். விதைப்பு எந்தத் திகதி, நீர் திறப்பது எந்தத் திகதி, கால்நடைகளை அப்புறப்படுத்துவது எந்தத் திகதி என்றெல்லாம் அங்கே முடிவாகும். முடிவுகள் எழுத்தில் பதியப்படும். வரும் காலபோகக் கூட்டத்தில், விதைப்புத் திகதியைப் பேசத் தொடங்குமுன், கமக்காரர் அமைப்பின் செயலாளர் எழுந்து மூன்று கேள்விகளைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யட்டும்: இந்தக் குளத்தின் கட்டை முழு நீளமும் கடைசியாக நடந்து பார்த்தவர் யார்? எந்தத் திகதியில் நடந்தார்? அவர் எழுதிய குறிப்பு எங்கே இருக்கின்றது?